மூன்று நிமிடத்துக்குப் போதுமான மூச்சு: ஜிம்மி ராஜர்ஸ்

1927 ஆகஸ்ட் 4, வியாழக்கிழமை, மதியம் 2 மணி. அமெரிக்காவின் பிரிஸ்டல் ஊரில், ஒரு தொப்பிக் கம்பெனியின் கட்டடத்தில், ஒல்லியான ஒரு மனிதர் கிட்டாரும் கையுமாக மாடியேறினார். பிரிஸ்டல் கொஞ்சம் விசித்திரமான ஊர். கடைத்தெருவின் நடுவே மாநில எல்லை ஓடுகிறது. தெற்குப் பக்கக் கடைகள் டென்னசியில், வடக்குப் பக்கக் கடைகள் வர்ஜீனியாவில். மாடியில் எதிரொலியை அடக்க சுவரெங்கும் கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு மைக், மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும் ஓர் இயந்திரம். வெளியூர்களில் மின்சாரத்தை நம்ப முடியாது என்பதால், மேலிருந்து மெல்ல இறங்கும் ஒரு கனத்த எடைதான் அந்தத் தட்டைச் சுழற்றியது. எடை தரையைத் தொடுவதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும்.

அவர் ஒரு குழுவோடு வந்திருக்க வேண்டியவர். முந்தின ராத்திரி சண்டை. இசைத்தட்டில் யார் பெயரைப் போடுவது என்பதில் தொடங்கி, குழு உடைந்துபோனது. குழுவினர் தங்கள் பழைய பெயரில் அதே நாளில் தனியாகப் பதிவு செய்துகொண்டார்கள். ராஜர்ஸ் தனியாக உட்கார்ந்து, திரும்பத் திரும்பப் பாடி, 4:20-க்கு எழுந்தபோது இரண்டு பாட்டுகள் தேறியிருந்தன. கையில் 100 டாலர். வயது 29. காசநோய் என்று டாக்டர்கள் சொல்லி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதன் பிறகு அவர் உயிரோடு இருந்தது ஆறு வருஷம்கூட இல்லை. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்துவிட்டார்.

அமெரிக்கக் கிராமத்துப் பாட்டிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசைக்கான ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் 1961-இல் முதன்முதலாக மூன்று பேரைச் சேர்த்தார்கள். அதில் அவர் ஒருவர். எல்லாவற்றையும் தொடங்கி வைத்தவர் அவர்தான் என்று அங்குள்ள பட்டயம் சொல்கிறது. எனக்கு இதில் முழு சம்மதம் இல்லை. 1923-லேயே அட்லாண்டாவில் ஃபிட்லின் ஜான் கார்சனின் பிடிலும் பாட்டும் இசைத்தட்டில் ஏறிவிட்டன. வெர்னன் டால்ஹார்ட் 1924-இல் பாடிய ரயில் விபத்துப் பாட்டும் சிறைக்கைதியின் பாட்டும் ஒரே தட்டில் வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றன. சந்தை இருந்தது, கடை இருந்தது, வாங்க ஆளும் இருந்தது. அப்படியிருக்க இந்த ஒருவரின் பெயர் மட்டும் ஏன் தலையில் நிற்கிறது? திறமை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். நான் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன்: ஒரு பிரதிக்கு இரண்டு சென்ட் என்ற சட்டம், கெட்டுப்போன ஒரு ஜோடி நுரையீரல்.

முதலில் ஆள் யாரென்று பார்ப்போம். ஜேம்ஸ் சார்ல்ஸ் ராஜர்ஸ், 1897 செப்டம்பர் 8-இல் பிறந்தவர். சொந்த ஊர் மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன், ஒரு ரயில் ஜங்ஷன். அப்பா ஆரன், மொபைல் அண்ட் ஓஹையோ ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி. அம்மா சீக்கிரமே போய்விட்டார். பையன் சொந்தக்காரர்கள் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தான். படிப்பு ஏறவில்லை, மேடை ஏறியது. பதின்மூன்று வயதை ஒட்டி உள்ளூர் பாட்டுப் போட்டி ஒன்றில் ஜெயித்த சூட்டில் வீட்டை விட்டுக் கிளம்பி, படுக்கை விரிப்புகளைக் கோத்து ஒரு கூடாரம் கட்டி ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்தப் பார்த்தான். அப்புறம் நிஜக் கூடாரமே ஒன்று வாங்கினான், அப்பாவின் கணக்கில், அப்பாவுக்குத் தெரியாமல். அப்பா வந்து இழுத்துப் போய் ரயில்வே வேலையில் போட்டார்.

முதல் வேலை தண்ணீர் சுமப்பது. வெயிலில் தண்டவாளம் நகர்த்தும் கேங்மேன்களுக்கு வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த கேங்மேன்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கடப்பாரையை நெம்ப வேண்டுமென்றால் ஒருவர் பாட வேண்டும், மற்றவர்கள் அந்தத் தாளத்தில் இழுக்க வேண்டும். நம் ஊரில் ஏலேலோ பாடியது எதற்கோ அதற்குத்தான் அங்கேயும். ராஜர்ஸ் கிட்டாரும் பாஞ்சோவும் கற்றுக்கொண்டது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் என்பார்கள். பின்னாளில் அவர் பெயரில் பதிவான வரிகளில் பலவும் இந்தச் சூழலில் வாய்க்கு வாய் அலைந்துகொண்டிருந்தவை.

பிறகு பிரேக்மேன் ஆனார். சரக்கு ரயிலில் பெட்டி கோத்து, பாதை மாற்றி, கொடி காட்டும் வேலை. ‘பாடும் பிரேக்மேன்’ என்ற பட்டம் அங்கிருந்து வந்தது. ஆனால் அந்த வேலை அவருக்கு நிரந்தரமாக இருந்ததே இல்லை. விட்டுவிட்டுக் கிடைக்கும், நடுவில் ஏதாவது கூடார நாடகக் குழுவோடு ஓடிப்போவார். விளம்பரப் படங்களைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். ஒன்றில் ரயில்வே உடுப்பு, இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக்கொண்டு சிரிப்பு. இன்னொன்றில் வைக்கோல் தொப்பியும் போ-டையும். மற்றொன்றில் கவ்பாய் வேஷம். ரயில் அவருக்குத் தெரிந்த உலகம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் அடிப்படையில் மேடைக்காரர்.

1920-இல் ஒரு மெதடிஸ்ட் போதகரின் மகள் கேரி வில்லியம்சனைக் கல்யாணம் செய்துகொண்டார். முதல் கல்யாணம் ஏற்கெனவே முறிந்திருந்தது. 1923 டிசம்பரில் இவர்களது இரண்டாவது பெண் குழந்தை, ஆறு மாசக் குழந்தை, இறந்துபோனது. அப்போது அவர் வேலை தேடி வெளியூரில் இருந்தார். ஊர் திரும்பக் காசில்லாமல் பாஞ்சோவை அடகு வைத்தார் என்று கேரி பின்னாளில் எழுதினார். அடுத்த வருஷம் இருமலில் ரத்தம் வந்தது. எலும்புருக்கி.

இந்த நோயைப் பற்றி ஒரு நிமிடம் பேச வேண்டும். காசநோய்க்கு மருந்தாக வந்த ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தது 1943-இல். 1924-இல் டாக்டர் எழுதித்தரக்கூடியது ஓய்வு, நல்ல காற்று, முட்டை பால், அவ்வளவுதான். ரயில் வேலை முடிந்தது. மிச்சமிருந்த ஒரே தொழில் பாட்டு. அதுவும் நுரையீரலை வைத்துச் செய்யும் தொழில். 1927-இல் மலைக்காற்றுக்காக வட கரோலினாவின் ஆஷ்வில்லுக்குக் குடும்பத்தோடு போனார். அங்கே புதிதாகத் திறந்திருந்த வானொலி நிலையத்தில் கொஞ்ச நாள் பாடினார். பிரிஸ்டல்காரர்களான அந்தக் குழு அப்போதுதான் அவரோடு சேர்ந்தது.

இனி அந்த இரண்டு சென்ட். தொப்பிக் கடை மாடியில் மைக்குக்குப் பின்னால் இருந்தவர் ரால்ஃப் பியர், விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ஆள் தேடி வந்தவர். கார்சனை 1923-இல் பதிவு செய்ததும் இவர்தான், அப்போது வேறு கம்பெனியில். விக்டரிடம் பியர் ஒரு வினோதமான பேரம் பேசினார்: எனக்குச் சம்பளமே வேண்டாம், பதிவாகும் பாடல்களின் பதிப்புரிமையை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள். 1909-ஆம் வருஷத்துச் சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பாட்டுக்கு இரண்டு சென்ட் அதன் உரிமையாளருக்குப் போக வேண்டும். தட்டுக்கு இரண்டு பக்கம், ஆக நாலு சென்ட். ஐந்து லட்சம் தட்டு விற்றால்? கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் வேண்டாம் என்று ஏன் சொன்னார் என்பது விளங்கும். அதில் ஒரு பங்கைப் பாடகருக்கும் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஒருமுறை கூலி கொடுத்துக் கைகழுவிய பலரை விட இது மேல்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வேறு யாரோ உரிமை வாங்கிவைத்த பாட்டைப் பாடினால் பியருக்கு ஒரு காசும் தேறாது. ஆகவே அன்றைக்கு எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டிருந்த நகரத்துப் பாட்டெல்லாம் அவருக்கு வேண்டாம். சொந்தப் பாட்டு வேண்டும், அல்லது யாருக்கும் சொந்தமில்லாத பழைய பாட்டு வேண்டும். ராஜர்ஸிடம் கைவசம் இருந்ததோ பெரும்பாலும் நகரத்துப் பாட்டுதான், கேட்பவர்கள் அதைத்தான் கேட்டார்கள். பியர் தலையாட்டவில்லை. கடைசியில் பழைய மெட்டில் போட்ட ஒரு போர்வீரனின் காதலி பாட்டும், மேடைகளில் ரொம்ப நாளாக இருந்த ஒரு தாலாட்டும் தேறின. தெற்கு மாநிலங்களின் ‘மண்வாசனை’ என்று பிற்காலத்தில் கொண்டாடியதில் ஒரு பங்கு இந்தப் பதிப்புரிமைக் கணக்கிலிருந்து பிறந்தது என்பது என் கட்சி. பழசு வேண்டும் என்று ஏங்கியது ரசிகர் மட்டும் இல்லை, கணக்குப்பிள்ளையும்தான்.

அந்த இரண்டு வாரத்தில் பிரிஸ்டலில் 19 குழுக்கள் 76 பாடல்களைப் பதிவு செய்தன. கார்ட்டர் குடும்பம் அதில் ஒன்று. ராஜர்ஸுக்குச் சில நாள் முன்னால் வந்து போனார்கள். முதல் சில நாட்களில் கூட்டமே இல்லை. உள்ளூர்ப் பாடகர் எர்னஸ்ட் ஸ்டோன்மன் முந்தின வருஷம் ராயல்டியாக 3,600 டாலர் வாங்கினார் என்று ஊர்ப் பத்திரிகை எழுதியதும் ஜனம் குவிந்தது. கலை ஆர்வம் என்பதை எதற்கும் கொஞ்சம் உப்புச் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் தட்டு சுமாராகப் போனது. முதல் ராயல்டி செக் 27 டாலர். இன்னொருவராக இருந்தால் அடுத்த கடிதத்துக்குக் காத்திருப்பார். ராஜர்ஸ் காத்திருக்கும் நிலையில் இல்லை. நவம்பரில் நியூயார்க்குக்கு ரயிலேறி, ஹோட்டலில் அறை எடுத்து, அடுத்த பதிவுக்கு வந்துவிட்டேன் என்று பியருக்கு போன் போட்டார். யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை. நவம்பர் 30-ஆம் தேதி நியூஜெர்சியின் கேம்டனில், பழைய சர்ச் ஒன்றை மாற்றிக் கட்டிய விக்டர் பதிவுக்கூடத்தில் நாலு பாட்டு. அதில் ஒன்றுதான் ‘புளூ யோடெல்’. டெக்சஸுக்கு ஒரு ட, டென்னசிக்கு ஒரு ட என்று அரிச்சுவடி போலத் தொடங்கி, ஏமாற்றிய பெண்ணைச் சுடப்போகிறேன் என்று போய் முடியும் பாட்டு. அது லட்சக்கணக்கில் விற்றது.

அந்தப் பாட்டில் என்ன புதுசு? வடிவம் கறுப்பர்களின் புளூஸ்: ஒரு வரி, அதே வரி மறுபடி, மூன்றாவதில் பதில். யோடெலும் புதுசில்லை, மார்புக் குரலிலிருந்து மேலே கள்ளக்குரலுக்குத் தாவும் வித்தை, மேடைகளில் முன்பே இருந்தது. நம் பாட்டு வாத்தியார்கள் குரல் உடையும் இடம் தெரியாமல் வழுக்கிப் போகச் சொல்வார்கள். யோடெலில் அந்த உடைசல்தான் சரக்கே. ராஜர்ஸ் இரண்டையும் ஒட்டவைத்தார். புளூஸ் பாடகர் ஒரு வரி பாடிவிட்டு கிட்டாரைப் பதில் சொல்ல விடுவார். ராஜர்ஸின் கிட்டார் சாதாரணம்தான், ஆகவே அந்த இடத்தைத் தன் உடைந்த குரலால் நிரப்பினார். கேட்டுப் பாருங்கள்: யோடெல் நீளமாக இருக்காது, சத்தமாகவும் இருக்காது. சோம்பலாக எழும்பி, ஒரு தடவை மடங்கி, அடங்கிவிடும். நுரையீரல் நிறையக் காற்று உள்ள ஆள் இப்படிப் பாடியிருக்க மாட்டார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இன்னொன்று. 1925 வரை பாடகர்கள் ஒரு பெரிய கொம்புக்குள் கத்த வேண்டியிருந்தது. மைக் வந்த பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பாடலாம் என்றானது. பத்து வருஷம் முன்னால் இதே மனிதர் கேம்டன் கதவைத் தட்டியிருந்தால் அந்த மெலிந்த குரல் மெழுகில் சரியாக விழுந்திருக்குமா என்பது சந்தேகம்.

தாளம்? அது பெரிய கூத்து. தனியாகவே பாடிப் பழகியவர், எண்ணிக்கை பார்க்க மாட்டார். ஒரு அடி கூடும், ஒரு அடி குறையும். மூச்சு வந்தபோது அடுத்த வரி வரும். கூட வாசித்தவர்கள் திண்டாடினார்கள். 1930 ஜூலை 16-இல் லாஸ் ஏஞ்சலஸில் ‘புளூ யோடெல் 9’ பதிவானபோது டிரம்பெட்டில் ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங், பியானோவில் அவர் மனைவி லில். பாட்டை ஹெட்போனில் கேட்டால், ராஜர்ஸ் எங்கே திரும்பப் போகிறார் என்று தெரியாமல் ஆம்ஸ்ட்ராங் அரைக்கணம் பின்தங்கி, பிறகு பிடித்துக்கொள்வது காதில் விழும். கம்பெனிகள் கறுப்பர் தட்டுகளுக்கு ஒரு வரிசை, வெள்ளைக்கார கிராமத்துத் தட்டுகளுக்கு ஒரு வரிசை என்று பிரித்து விற்ற காலம் அது. இரண்டு வரிசையின் ராஜாக்களும் ஒரே தட்டில் இருந்தார்கள். லேபிளில் ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் இல்லை.

பெயர் இல்லாமல் போனவர்கள் இன்னும் உண்டு. கேரியின் அக்கா எல்சி மெக்வில்லியம்ஸ் இசைக்குறிப்பு தெரிந்தவர். ராஜர்ஸுக்கு அது படிக்க வராது. பியருக்குப் புதுப்பாட்டு தீராத பசி. எல்சி எழுதி, பாடிக்காட்டி, மாப்பிள்ளையை மனப்பாடம் செய்யவைப்பார். நாற்பதை ஒட்டிய பாடல்களில் அவர் கை இருக்கிறது. சிலவற்றில் பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். டெக்சஸ் சிறையிலிருந்து ஒரு கைதி வரிகள் எழுதி அனுப்பினார். தண்டவாளத்தில் பாடிய கேங்மேன்களுக்கோ முகவரியே கிடையாது. ‘ரயிலுக்குக் காத்திருந்து’ என்ற அந்தப் புகழ்பெற்ற பாட்டும், 1928 அக்டோபரில் அட்லாண்டாவில் பதிவானது, பழைய நாடோடிப் பாட்டின் மறு உரு. தொடக்கத்தில் வாயாலேயே ரயில் ஊதுவார். டிக்கெட்டுக்குக் காசில்லாதவனைப் பாதி வழியில் இறக்கிவிடும் கதை. ஒரு வருஷத்தில் பங்குச்சந்தை விழுந்து ஆயிரக்கணக்கானோர் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு வேலை தேடப் போனபோது, அது அவர்கள் பாட்டாகவே ஆகிவிட்டது. திருட்டு என்பேனா? இல்லை. எல்லாரும் எல்லாரிடமிருந்தும் எடுத்துக்கொண்ட உலகம் அது. ஆனால் பதிவேட்டில் ஒரு பெயர் ஏறினால் காசு அந்தப் பெயருக்குத்தான் போகும். இதை மறைக்கவும் தேவையில்லை.

1929-இல் அவரை வைத்துப் பத்து நிமிடப் படம் ஒன்று எடுத்தார்கள். ரயில்வே சாப்பாட்டுக் கடை, பிரேக்மேன் உடுப்பு, மூன்று பாட்டு. அவர் அசைந்து பாடுவதை இன்று பார்க்க முடிவது அதில் மட்டும்தான். அதே வருஷம் டெக்சஸின் கெர்வில்லில் 50,000 டாலருக்கு வீடு கட்டினார். காசநோயாளிகள் காற்றுக்காகத் தேடிப்போன ஊர் அது. கார், நகை, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பணம். கைமாற்று வாங்கிய நண்பர்கள் பட்டியல் நீளம். சில வருஷத்தில் வீட்டை விற்றுவிட்டு சான் அன்டோனியோவில் எளிமையான வீட்டுக்கு மாற வேண்டியிருந்தது.

மூழ்கியது அவர் மட்டுமில்லை. 1927-இல் அமெரிக்காவில் 10 கோடியைத் தாண்டி விற்ற இசைத்தட்டு, 1932-இல் சுமார் 60 லட்சத்துக்கு வந்து நின்றது. முக்கால் டாலர் கொடுத்துப் பாட்டு வாங்க யாரிடம் இருந்தது? கூடார நிகழ்ச்சிகளில் பாடலாம் என்றால் உடம்பு நிற்கவில்லை. இருந்தும் 1931 தொடக்கத்தில் வறட்சி நிவாரணத்துக்காக செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி திரட்ட நகைச்சுவையாளர் வில் ராஜர்ஸோடு ஊர் சுற்றினார். இருவரும் உறவில்லை, பெயர் ஒற்றுமைதான்.

அந்த ஜனவரியில்தான் தன் நோயையே பாட்டாகப் பதிவு செய்தார். நோய் தின்கிறது, இடுகாடு காத்திருக்கிறது என்று சிரிப்பும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் பாடுகிறார். நோயை வெளியே சொன்னால் பக்கத்தில் உட்காரவே ஆள் பயந்த காலம் அது. ரசிகர்களில் எத்தனை வீட்டில் ஒரு இருமல் இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1933 மே மாதம். டெக்சஸின் கால்வெஸ்டனிலிருந்து கப்பலில், ஒரு நர்ஸோடு நியூயார்க்குக்குப் போனார். குடும்பத்துக்குக் கொஞ்சம் பணம் சேர்த்து வைக்க வேண்டும், பியரோடு பேசியாகிவிட்டது. 24-ஆம் தெருவில் இருந்த பதிவுக்கூடத்தில் அவருக்கென்று ஒரு கட்டில் போட்டார்கள். ஒரு பாட்டு, பிறகு படுக்கை. மூச்சு திரும்பியதும் எழுந்து அடுத்த பாட்டு. மே 17-இல் தொடங்கி, நடுவில் ஓய்வு எடுத்து, 24-ஆம் தேதியோடு 12 பாட்டு முடித்தார். கடைசி நாள் இரண்டு கிட்டார்காரர்கள் துணைக்கு இருந்தார்கள். கடைசிப் பாட்டுக்கு அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பிரிஸ்டல் மாடியில் போலவே அவரும் அவர் கிட்டாரும் மட்டும். அந்தப் பதிவைக் கேட்கும்போது நான் பாட்டைக் கவனிப்பதில்லை, வரிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைத்தான் கவனிக்கிறேன்.

மறுநாள் கோனி ஐலண்ட் கடற்கரைக்குப் போய் வந்தார். 26-ஆம் தேதி விடியும் முன் டாஃப்ட் ஹோட்டல் அறையில் நுரையீரலில் ரத்தம் கசிந்து இறந்தார். வயது 35. உடலை ரயிலில் மெரிடியனுக்குக் கொண்டுபோனார்கள். ஊர் நெருங்க நெருங்க ஓட்டுநர் விசிலைத் தணிந்த குரலில் நீளமாக ஊதிக்கொண்டே வந்தார் என்று ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு.

அவருடைய மார்ட்டின் கிட்டாரின் பின்பக்கத்தில் ‘தேங்க்ஸ்’ என்று பெரிதாக, தலைகீழாக எழுதியிருக்கும். பாட்டு முடிந்ததும் கிட்டாரைப் புரட்டித் தூக்கிக் காட்டினால் கூட்டத்துக்கு நேராகத் தெரியும். அந்தக் கிட்டாரை கேரி 1936 வாக்கில் எர்னஸ்ட் டப் என்ற இளைஞரிடம் கொடுத்தார். ராஜர்ஸைப் போலவே பாடித் திரிந்தவர் அவர்; பெரிய நட்சத்திரமான பிறகும் பல பத்தாண்டுகள் அதையே வாசித்தார். கவ்பாய் பட நட்சத்திரம் ஜீன் ஆட்ரி தொடங்கியது ராஜர்ஸின் நகலாகத்தான். கன்ட்ரி பாடகர் ஹாங்க் ஸ்னோ தன் மகனுக்கு ஜிம்மி ராஜர்ஸ் ஸ்னோ என்றே பெயர் வைத்தார். 1978-இல் அமெரிக்கத் தபால்துறை அவர் உருவத்தில் 13 சென்ட் தபால்தலை வெளியிட்டது.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த தகவல் கென்யாவில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் கொண்டுபோன கிராமபோனில் ராஜர்ஸின் தட்டுகளைக் கேட்ட கிப்சிகிஸ் மக்கள், அந்தப் பெயரைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப ‘கெமிரோச்சா’ ஆக்கிக்கொண்டார்கள். 1950-இல் இசை ஆய்வாளர் ஹியூ டிரேசி கப்கடெட் என்ற ஊரில் ஒலிப்பதிவு செய்தபோது, இளம்பெண்கள் யாழ் போன்ற ஒரு வாத்தியத்தை வைத்துக்கொண்டு கெமிரோச்சாவைப் பாடினார்கள். அந்த விசித்திரப் பாடகன் பாதி மனிதன், பாதி மான். ஆடிக் குதித்து வா என்று அவனைக் கூப்பிடும் பாட்டு. அவர்கள் குரல் அடங்கும் இடங்களில் மெல்லிய மூச்சொலி அந்தப் பதிவில் கேட்கும். பாடிய பெண்களை ‘கிப்சிகிஸ் பெண்கள்’ என்று சேர்த்துத்தான் குறித்தார்கள். 2015-இல் அந்தப் பதிவுகளைத் தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகம் ஒன்று எடுத்துக்கொண்டு, அவற்றுக்குரிய ஆட்களைத் தேடி அந்த ஊர்ப்பக்கமே போனது.